முதலில் நீந்தட்டும்

கொளத்தூர், சென்னை
ஜனவரி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் போனில் அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைத்து, ஒராண்டா வகைத் தங்கமீன் ஒரு ஜோடி வாங்கி விட்டு, "இந்த இரண்டையும் சேர்த்தால் பெரிய கொண்டையோடு குஞ்சு வருமா?" என்று கேட்டிருக்கிறாய். விலங்கியல் படிக்கிற பிள்ளை எங்கள் தொழிலை இத்தனை அக்கறையாக விசாரித்ததில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போனில் இரண்டு வார்த்தை பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொண்டை வரும். இரண்டு மீனுக்கும் நல்ல தலை இருக்கிறது. ஆனால் அந்த ஆண் மீனைச் சினைக்கு வைக்காதே. நீ வீடியோ எடுத்தது கொண்டையைக் காட்ட. நான் பார்த்தது வேறு. தீனி போட்டதும் பெண் மீன் நேராக மேலே வருகிறது. ஆண் மீன் வாலை வேகவேகமாக அடித்துக்கொண்டு வருகிறது, பாதி வழியில் அதன் பின்பக்கம் மேலே தூக்குகிறது, தீனியைக் கவ்வியதும் பக்கவாட்டில் சாய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்கிறது. உடம்பைக் குட்டையாகவும் உருண்டையாகவும் ஆக்க ஆக்க முதுகெலும்பு நெருங்கி வளைகிறது. உள்ளே காற்றுப்பையும் குடலும் இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்குகின்றன. தின்ற பிறகு மிதப்பதும் கவிழ்வதும் பெரும்பாலும் அதனால்தான். தீனியை ஊறவைத்துப் போட்டால், ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாவதும் உண்டு. சரியானால் வளர்க்கலாம், ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு வாரிசு மட்டும் வேண்டாம்.

தங்கமீன் வளர்ப்பில் எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. மீன் முதலில் நன்றாக நீந்த வேண்டும், கண் தெரிய வேண்டும், மற்ற மீன்களோடு போட்டி போட்டுத் தின்ன வேண்டும். இதில் தேறியவற்றுக்குள்தான் தலை, வால், நிறம் என்று பொறுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சில தலைமுறைகளில் உன் தொட்டியில் அழகான நோயாளிகள்தான் மிஞ்சும்.

இந்த உருவங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது உனக்குப் புரியும். தங்கமீனின் பூர்வீகம் சீனத்து நீர்நிலைகளில் வாழ்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுள்ள ஒரு கெண்டை இனம். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது செம்மஞ்சளாகப் பிறந்தவற்றைப் பிடித்துக் குளத்தில் தனியாக விட்டு வளர்த்தார்கள். சோங் அரச மரபின் காலத்தில் அரண்மனைக் குளங்களில் அவை பெருகின. அதுவரை மாறியது நிறம்தான், உடம்பு மாறவில்லை. மிங் காலத்தில் குளத்திலிருந்து தொட்டிக்கும் பாத்திரத்துக்கும் மீன் வந்த பிறகுதான் இரட்டை வால், குட்டை உடம்பு, புடைத்த கண் எல்லாம் வரிசையாக நிலைத்தன. குளத்தில் கொக்கு இருக்கிறது, பெரிய மீன் இருக்கிறது, தீனியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வால் விரிந்து மெதுவாக நீந்துகிற குஞ்சு அங்கே ஒரு வாரம் தாங்காது. தொட்டியில் எதிரி கிடையாது, தீனி வாய்க்கு வருகிறது. குளம் கழித்துக்கட்டியிருக்கக்கூடிய மீனை மனிதன் காப்பாற்றினான். அதன் வம்சத்தைப் பெருக்கினான். பிறகு ஜப்பானுக்கும், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அது போனது. டார்வின் 1868-இல் வெளியிட்ட வளர்ப்பு உயிரினங்களைப் பற்றிய நூலில் தங்கமீனையும் சேர்த்துக்கொண்டார். ஆக, ரஞ்சு, ஒராண்டா போன்ற வகைகள் மனிதனின் பொறுப்பில் மட்டுமே உயிர் வாழ்கிற உருவங்கள். இயற்கை செய்துவந்த கழித்தல் வேலையை நாம் வாங்கிக்கொண்டோம் என்றால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டிய கடமையும் நம்முடையதுதான்.

நீ கேட்ட பரம்பரைக் கணக்குக்கு வருகிறேன். இதில் சில பண்புகளுக்குத் தெளிவான கணக்கு உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது.

இரட்டை வாலுக்கு உண்டு. 2014-இல் தைவானில் கின்யா ஓட்டாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அதன் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கருவில் முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று வகுப்பதில் பங்குள்ள கார்டின் என்ற மரபணுதான் விஷயம். தங்கமீனின் முன்னோருக்கு மரபணுத் தொகுதி முழுவதும் ஒரு காலத்தில் இரட்டித்துப்போனதால் இந்த மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒரு பிரதி பாதியிலேயே அறுந்துபோன மீன்களுக்கு வால் இரண்டாகப் பிரிகிறது. இன்னொரு பிரதி வேலை செய்வதால் மீன் பிழைத்துக்கொள்கிறது. இது ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டிலிருந்தும் வர வேண்டும். உன் இரட்டை வால் கூட்டத்தில் காமெட் என்கிற ஒற்றை வால் மீன் ஒன்றே ஒன்று புகுந்தால் போதும், அந்த ஈட்டுக் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஒற்றை வாலோடு வரும். கடையில் "எல்லாம் ஒரே தங்கமீன்தான், ஒன்றாக விடலாம்" என்று சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். வளர்க்க மட்டும் என்றாலும் விடாதே. காமெட் வேகமானது, ஒராண்டா வாயைத் திறப்பதற்குள் தீனி தீர்ந்திருக்கும்.

காலிகோவுக்கும் கணக்கு உண்டு. ஷிசான் சென் என்ற சீன உயிரியலாளர் 1928-இலேயே அதை எழுதிவிட்டார். பளபளக்கும் செதிலுள்ள மீனையும், மினுப்பே இல்லாமல் தோல் வெளிறித் தெரிகிற மீனையும் சேர்த்தால், குஞ்சுகள் அத்தனையும் திட்டும் புள்ளியுமான காலிகோ. காலிகோவையும் காலிகோவையும் சேர்த்தாலோ கால்வாசி பளபளப்பு, பாதி காலிகோ, கால்வாசி வெளிறியது. எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் காலிகோ கூட்டம் சுத்தமாக நிற்காது. அந்த வெளிறிய குஞ்சுகளை இங்கே பலர் முதல் வேலையாகக் கழித்துவிடுகிறார்கள். உடம்பும் வாலும் நன்றாக அமைந்த வெளிறிய பெண் மீன் ஒன்று கிடைத்தால் நீ பத்திரப்படுத்து. நல்ல பளபளப்பு ஆணோடு சேர்த்தால் ஓர் ஈடு முழுக்கக் காலிகோ கிடைக்கும்.

புடைத்த கண்ணும் ஒடுங்கு பண்புதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் அதற்குக் காரணமாகக் காட்டிய மரபணு, மனிதர்களில் பழுதானால் கடுமையான கிட்டப்பார்வையைக் கொண்டுவருகிற மரபணுவின் இணை. கண் புடைத்த பிளாக் மூர் தீனியைத் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்திருப்பாயே. மூர் வளர்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை. மூரோடு மூரைத்தான் விட வேண்டும், கூர்மையான கல்லோ பிளாஸ்டிக் செடியோ உள்ளே வைக்கக் கூடாது. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்குகிற பபிள் ஐ வேறு. பை உரசிக் கிழிகிறது, நீந்தும்போது உடம்பை இழுக்கிறது. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வளர்ப்பதில்லை. நீயும் தொடாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன்.

கொண்டைக்கும், வயிற்றின் உருண்டைக்கும், வாலின் விரிவுக்கும் இப்படி ஒற்றைக் கணக்கு இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. அதோடு தொட்டியும் தீனியும் அதில் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நன்றாகத் தின்று, அடிக்கடி தண்ணீர் மாற்றி, நெரிசல் இல்லாமல் வளர்ந்த மீனுக்குக் கொண்டை பெருக்கும். சிவப்பு நிறமும் அப்படியே: கரோட்டினாய்டு நிறமிகளை மீன் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ளாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெயில் பட்டுப் பச்சைபிடித்த தண்ணீரில், ஸ்பைருலினா தின்று வளர்ந்த சுமாரான மீன் ரத்தச் சிவப்பாக நிற்கும். நல்ல வம்சத்து மீன் வீட்டுக்குள் வெறும் தீவனத்தில் ஆரஞ்சு நிறத்தோடு நிற்கும். நீ எதைச் சினைக்கு வைப்பாய்? அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை ஒரே தண்ணீரில், ஒரே தீனியில், ஒரே நெரிசலில் வளர்த்து, அவற்றுக்குள் ஒப்பிட்டால்தான் எது வளர்ப்பால் வந்தது, எது பிறப்பால் வந்தது என்று ஓரளவு தெரியும். இரண்டு தொட்டி மீன்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே.

உன் ஊர் உனக்குப் பெரிய வரம். தங்கமீன் குளிர்ச்சி விரும்புகிற மீன். இங்கே ஜனவரி இரவிலும் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது; கோடையில் நாங்கள் நிழல் வலை கட்டி, ஏர் பம்ப் ஓட்டி, மின்சாரம் போனால் தூக்கமில்லாமல் கிடக்கிறோம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தை விடியற்காலையில் பதினைந்து டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரில் மீன் மந்தமாகும். மாசியில் தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் தானாகவே சினைக்குத் தயாராகும். ஹார்மோன் ஊசி, ஹீட்டர் எதுவும் உனக்குத் தேவைப்படாது. இப்போதிருந்தே ஆணையும் பெண்ணையும் பிரித்து வை. ஆணுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் வரும். வெள்ளைப்புள்ளி நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதே. நோய் என்றால் உடம்பெல்லாம், வாலெல்லாம் தாறுமாறாகப் பரவும். இது வரிசையாக, அந்த இடங்களில் மட்டும் நிற்கும்.

இன்னொன்று, மாடி. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. உங்கள் தெருவில் பழைய வீடுகள் அதிகம். சிமெண்ட் உறைத் தொட்டி கட்டலாமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம். ஆழம் குறைந்த பெரிய பிளாஸ்டிக் டப்புகள் போதும், அவற்றையும் கீழே சுவர் வருகிற ஓரங்களில் வை, தளத்தின் நடுவில் வைக்காதே. காக்கைக்கு மேலே வலை. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு, அப்புறம் ஊற்று. மீன் தொட்டியில் எடுத்த தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு விடு. 2024 மார்ச்சில் உங்கள் ஊரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்கிற நிலை வந்தது. அந்த மாதிரி ஒரு கோடை திரும்பி வந்தால் எத்தனை மீனுக்குத் தண்ணீர் மாற்ற முடியும் என்பதுதான் உன் கூட்டத்தின் உச்ச வரம்பு. டப்பு எத்தனை இருக்கிறது என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதே.

முட்டை விடுகிற நாளைத் தவறவிட மாட்டாய். விடியலில் ஆண் பெண்ணின் வயிற்றை முட்டி முட்டித் துரத்தும். வேலம்பாசியோ ஆகாயத்தாமரை வேரோ போட்டு வைத்தால் முட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். துரத்தல் அடங்கியதும் பெரிய மீன்களை எடுத்துவிடு, இல்லாவிட்டால் அவையே தின்றுவிடும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து நாலைந்து நாளில் பொரியும். முதல் இரண்டு நாள் வயிற்றில் இருக்கிற கரு உணவே போதும். அதன் பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு, மொய்னா போன்ற உயிர்த் தீனி. அவித்த மஞ்சள் கரு கொடுக்கலாம், ஆனால் தண்ணீரை ஒரே இரவில் கெடுத்துவிடும்.

இனிமேல்தான் நீ கற்க வேண்டிய வேலை.

மூன்றாவது வாரம் வாக்கில், வெள்ளை பேசினில் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு கரண்டியால் குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விடு. வலையால் பிடிக்காதே, வால் கசங்கும். காலை வெளிச்சத்தில், மேலேயிருந்து பார். ஒற்றை வால் குஞ்சுக்குப் பின்னால் ஒரு கோடு தெரியும். இரட்டை வாலுக்கு அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து விரியும். பிரிந்த இரண்டும் ஒரே அளவா என்று பார். ஒரு பக்கம் மடங்கியிருந்தால் பெரிதானதும் அந்த மீன் வட்டமடித்துத்தான் போகும். அப்புறம் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிரு. விரலை லேசாகத் தண்ணீரில் வைத்தால் நேராகப் பாய்ந்து ஓடுகிற குஞ்சு, திருகிக்கொண்டு ஓடுகிற குஞ்சு, ஓட முயன்று அடியில் விழுகிற குஞ்சு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். வாலைப் பார்க்கச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ஓட்டத்தைப் பார்க்க நீயே பழகிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ரஞ்சுவைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து மதிப்பிடுவதில்லை. பேசினில் விட்டு மேலேயிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். முதுகின் வளைவு, வால் அடியின் தடிமன், நீந்தும்போது வால் விரிகிற விதம் எல்லாம் அந்தக் கோணத்தில்தான் மறைக்க முடியாமல் தெரியும்.

முதுகுத் துடுப்பே இல்லாத ரஞ்சு என்றால் முதுகில் முள்ளோ மேடோ எட்டிப் பார்க்கிறதா என்று இன்னும் சில வாரம் கழித்துப் பார்க்கலாம். நிறத்துக்கு அவசரமே வேண்டாம். பளபளப்பு வகைக் குஞ்சுகள் எல்லாமே அந்தப் பழைய கெண்டையின் மங்கல் நிறத்தில்தான் வளரும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகி, கறுப்பு கூடி, வயிற்றுப் பக்கமிருந்து மஞ்சள் ஏற ஆரம்பிக்கும். சில குஞ்சுகள் வெகுநாள் இழுத்தடிக்கும். மங்கலாக இருக்கிறது என்று அவற்றைக் கழித்தவர்கள் நல்ல உடம்பை எல்லாம் தூக்கிப் போட்டவர்கள். நிறத்தைக் கடைசியில் பார். கொண்டை அதற்கும் பின்னால்தான் முழுசாக வரும். கண்ணை மூடுகிற அளவுக்கு வளர்கிற கொண்டையை நான் குறையாகத்தான் எண்ணுகிறேன்.

எத்தனை மீனை அடுத்த தலைமுறைக்கு நிறுத்துவது? கடையில் சிறந்த ஒரு ஆணை வைத்து எல்லாப் பெண்ணுக்கும் விடச் சொல்வார்கள். உன் பாடப் புத்தகத்திலேயே அதற்குச் சூத்திரம் இருக்கும்: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு ஆணும் பத்துப் பெண்ணும் என்றால் விடை நாலுக்கும் குறைவு. பதினோரு மீனுக்குத் தீனி போடுகிறாய், பரம்பரைக் கணக்கில் நாலு மீன்கூட இல்லை. ஐந்து ஆண், ஐந்து பெண் என்றால் பத்து முழுசாகக் கிடைக்கும். கூடப்பிறந்தவற்றையே சேர்த்தால் ஒரே தலைமுறையில் உள்ளினக் கலப்பு இருபத்தைந்து சதவீதம் ஏறுகிறது. ஓரிரு முறை அப்படிச் செய்து ஒரு பண்பை நிலைநிறுத்துவது பழைய வழக்கம்தான். அதையே பழக்கமாக்கினால் முட்டை பொரிவது குறையும், வளைந்த எலும்பு கூடும், சின்ன நோய்க்கே மொத்த டப்பும் போகும்.

பல வம்சங்களைக் கலந்து பொறுக்குகிற வேலையை நம் நாட்டிலேயே முறையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். புவனேஸ்வரில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992-இல் நார்வே நாட்டவரோடு சேர்ந்து ரோகு மீனில் தேர்வு வளர்ப்பைத் தொடங்கியது. ஒரே பண்ணை மீனை வைத்து ஆரம்பிக்கவில்லை. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் என்று ஐந்து நதிகளிலிருந்து மீன் கொண்டுவந்து, பண்ணை மீனோடு கலந்து, பிறகு பொறுக்கினார்கள். தலைமுறைக்குச் சராசரி 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-இல் அதற்கு ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்தார்கள். வளர்ச்சியோடு நிறுத்தாமல் நோயைத் தாங்குகிற குணத்தையும் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் கிளை உன் ஊரிலேயே ஹெசரகட்டா ஏரிக்கரையில் இருக்கிறது. ஹெப்பாளில் கர்நாடகக் கால்நடை, விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. தங்கமீனும் ரோகுவும் ஒரே குடும்பம். கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போ. குடும்பவாரியாக மீனைப் பிரித்து, அடையாளமிட்டு, பதிவேடு எழுதுகிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொள். எங்கள் தலைமுறைக்கு எல்லாம் மனக்கணக்குதான். எந்த மீன் எந்த ஈடு என்று எழுதி வைக்கிற பழக்கம் கொளத்தூரில் இன்னும் பெரிதாக வரவில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. உனக்கு அந்தப் படிப்பு இருக்கிறது.

கடினமான விஷயத்துக்கு வருகிறேன், நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் மீன் நூற்றுக்கணக்கில், நல்ல பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். அதில் நீ சினைக்கு நிறுத்தப்போவது விரல் விட்டு எண்ணுகிற அளவு. மீதி என்ன ஆகும்? இதற்குப் பதில் இல்லாமல் முட்டை எடுக்காதே. ஒற்றை வால் குஞ்சு ஆரோக்கியமானது, தோட்டத் தொட்டி வைத்திருக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கொசுப்புழுவையும் தின்னும். வால் கோணலாக இருந்தாலும் நன்றாக நீந்துகிற மீனைச் சாதாரண மீனாக விற்கலாம். நீந்தவும் தின்னவும் முடியாத குஞ்சை வளர்த்துக் கஷ்டப்படுத்துவது கருணை ஆகாது. அதைச் சீக்கிரமே, வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஊற்றினால் மயங்கி, மயக்கத்திலேயே போய்விடும். அந்த வேலையை நீயே செய்ய வேண்டும், தம்பியிடம் தள்ளிவிடக் கூடாது. மனசு ஒப்பவில்லை என்றால் பாசியோடு முட்டையில் பெரும்பகுதியை முதல் நாளே எடுத்துவிட்டுக் கொஞ்சத்தை மட்டும் பொரிக்க விடு. முட்டை விட்டதெல்லாம் பொரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குறைந்த குஞ்சில் பொறுக்கினால் முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

எந்த நிலையிலும் ஏரியில் விடாதே. சாங்கி ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, பாவம் பார்த்துக் கொண்டுபோய் விட்டேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பகட்டு வால் மீனைப் பறவை தின்றுவிடும், அது தனி வேதனை. ஒற்றை வால் மீனோ பிழைத்துக்கொள்ளும். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், உன் டப்பிலிருந்த நோயை ஏரிக்குக் கொண்டுபோகும். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் நம் ஏரிகளில் நிறைந்திருக்கிறது. வலை போடுகிறவர்கள் அதன் முள்ளால் வலை கிழிந்து திட்டுகிறார்கள்.

விற்பது பற்றிக் கேட்டிருந்தாய். படிப்பு முடிகிற வரை இதை வருமானமாக நினைக்காதே. இங்கே கொளத்தூரைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் இதில் சாப்பிடுகின்றன. கார்ப்பரேஷன் குழாயடி முதல் மொட்டை மாடி வரை தொட்டி. வண்ணமீனுக்கென்றே அரசு வர்த்தக மையம் கட்டியிருக்கிறது, மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் பயிற்சி தருகிறது. இவ்வளவும் இருந்தும் மொத்த வியாபாரி எண்ணிக்கைக்குத்தான் காசு கொடுக்கிறார், நீந்துகிற அழகுக்குக் கொடுப்பதில்லை. அதனால் பொறுக்காமல் பெருக்குகிறவனுக்குத்தான் லாபம். நீ அந்தப் போட்டிக்குள் வராதே. மாடியில் ஒரே ஒரு வகையை எடு. என்னைக் கேட்டால் ஒராண்டா போதும்: முதுகுத் துடுப்பு இருக்கிறது, ஓரளவு நீந்தும். உடம்பு கொஞ்சம் நீளமாக, முதுகு தடித்து, வால் அடி பலமாக இருக்கிற கூட்டத்தை நாலைந்து வருஷத்தில் உன்னால் கொண்டுவர முடியும். வாங்க வருகிறவரிடம் எத்தனை லிட்டர் தொட்டி என்று கேள். கண்ணாடிக் கிண்ணம் என்று சொன்னால் கொடுக்காதே. அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த ஆண் மீனைத் தனி டப்புக்கு மாற்று, தீனியைப் பாதியாக்கி ஊறவைத்துப் போடு. பெண் மீனை அப்படியே விடு. என்னிடம் வேறு வேறு ஈட்டில் பிறந்த நாலு ஆண்கள் இருக்கின்றன. கொண்டை சுமார்தான், ஆனால் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராகப் போய்த் திரும்புகிற மீன்கள். மாசி பிறப்பதற்குள் அப்பாவோடு ரயிலேறி வா. வருவதற்கு முதல் நாள் போன் செய், மீனைப் பட்டினி போட்டு வைக்கிறேன், வழியில் தண்ணீர் கெடாது. ஆக்சிஜன் போட்டுக் கட்டித் தருவது என் பொறுப்பு. தெர்மாகோல் பெட்டி மட்டும் நீ கொண்டுவா. ஊருக்குப் போனதும் புது மீனைப் பழைய மீனோடு விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வை, என்னிடமிருந்து வந்ததென்றாலும். அத்தை வீட்டு மீனுக்கும் நோய் வரும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். தம்பியை நன்றாகப் படிக்கச் சொல்.

பிரியமுள்ள,
அத்தை